தோற்பதும் ஒரு தொழில்: ஜிந்தர் மஹாலும் தில்லியின் ஓர் இரவும்

2017 டிசம்பர் 9 அன்று தில்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில், அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ. நடத்திய நிகழ்ச்சியின் முதன்மைப் போட்டியில் இருவர் மோதினர். ஒருவர் ஜிந்தர் மஹால். ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன்புவரை அந்நிறுவனத்தின் தலைமைப் பட்டத்தை வைத்திருந்தவர். அப்பட்டத்தை வென்றவர்களுள் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முதல்வர். மற்றவர் டிரிபிள் எச் என்னும் அரங்கப் பெயர் கொண்ட பால் லெவெஸ்க். அப்போது நிறுவனத்தின் செயல் துணைத்தலைவர்களுள் ஒருவராக இருந்தவர். நிறுவனத்தின் அன்றைய தலைவரின் மருமகன். அரங்கில் கூடியிருந்தோர் எழுப்பிய ஆரவாரத்தில் பெரும்பங்கு மஹாலுக்கு உரியது. வென்றவர் டிரிபிள் எச். போட்டி முடிந்தபின் இருவரும் மேடையிலேயே பாங்க்ரா ஆடினர்.

தோற்றவர் தம் மூதாதையர் நாட்டின் தலைநகரில், தமக்காகக் கூடிய மக்கள் முன்னிலையில், தம்மை வீழ்த்தியவரோடு சேர்ந்து ஆடிய அந்தச் சில நிமிடங்கள், இத்தொழிலின் வரலாற்றை எழுத முற்படுவோர் கடந்து செல்லக்கூடாத ஒரு காட்சி. பட்டம் வென்றோரின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. தோற்பதற்கென்று ஊதியம் பெற்று, ஊர் ஊராகச் சென்று, பிறரை வெற்றியாளராக்கிய மல்லரின் வரலாறு அரிதாகவே எழுதப்படுகிறது. இருபதாண்டுத் தொழில்வாழ்வில் ஏறக்குறைய ஆறு மாதம் மட்டுமே உச்சியில் நின்ற மஹால், இரண்டாம் வகை வரலாற்றுக்குரியவர்.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே உறுதி செய்யப்படுகிறது. இது இன்று மறைபொருளன்று. விளையாட்டு ஆணையங்களின் கட்டுப்பாட்டிலிருந்தும் அவற்றுக்கான கட்டணங்களிலிருந்தும் விலக்குப் பெற விரும்பிய டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் முன்னோடி நிறுவனம், தன் நிகழ்ச்சிகள் போட்டியல்ல, பொழுதுபோக்கே என்று 1989இல் நியூ ஜெர்சி மாநில மேலவையின் முன் தானே ஒப்புக்கொண்டது. அதற்கு முன் பல்லாண்டுகள் அவ்வுண்மையைப் பொதுமக்களிடமிருந்து காப்பது தொழில் அறமாகவே கருதப்பட்டது; அக்காப்புக்குத் தொழிலார் வழங்கிய குழூஉக்குறி 'கேஃபேப்'. தோற்பதை வழக்கமான பணியாகக் கொண்டவரை அதே குழூஉக்குறி 'ஜாபர்' என்று சுட்டும். 'ஜாப்' என்றால் வேலை. தோல்வியே வேலை, தோற்பவரே வேலையாள். இத்தொழிலின் பொருளியலை இதைவிடச் சுருக்கமாகக் கூறும் சொல் வேறில்லை.

அவ்வேலை எளிதன்று. எஃகுச் சட்டங்களின்மேல் மரப்பலகை பரப்பி, மெல்லிய நுரைமெத்தையும் கித்தானும் விரித்த களத்தில், வெற்றி பெறுபவரின் ஒவ்வொரு வீச்சும் நம்பத்தக்கதாகத் தோன்றுமாறு விழ வேண்டும். தம் எலும்பையும் எதிரியின் எலும்பையும் ஒருசேரக் காக்க வேண்டும். தூக்குபவரின் வலிமை என்று பார்வையாளர் காண்பதில் ஒரு பகுதி, தூக்கப்படுபவரின் பயிற்சி. ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலின் முதற்கட்டுரை மல்யுத்தத்தைப் பற்றியது. இக்காட்சியில் மக்கள் வெற்றி தோல்வியை எதிர்நோக்குவதில்லை, துன்பமும் நீதியும் தெளிவான குறிகளாகக் காட்டப்படுவதையே எதிர்நோக்குகின்றனர் என்பது அவர் துணிபு. அவ்வாறாயின் அக்குறியைத் தம் உடலால் எழுதுபவர் பெரும்பாலும் தோற்பவரே.

இந்தியத் துணைக்கண்டத்திலும் இவ்வேறுபாட்டை அறிந்த சொற்கள் உண்டு. குஸ்தி பாரசீக வழிச் சொல். 'பஹ்லவான்' என்ற பாரசீகச் சொல் தமிழில் 'பயில்வான்' ஆயிற்று. 'பயில்' என்னும் தமிழ் வினையின் சாயல் ஏறிக்கொண்டதால் அயற்சொல் என்ற உணர்வே அற்றுப்போய், பயிற்சி செய்பவன் என்று மக்கள் பொருள்கொள்ளும் அளவுக்கு அது இயல்பாகிவிட்டது. வடஇந்தியாவில் 'தங்கல்' என்பது மண் களத்தில் நடக்கும் மெய்யான போட்டி. இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு ஆடும் போட்டிக்குப் பஞ்சாபி, உருது வழக்கில் 'நூரா குஷ்தி' என்று பெயர். தில்லி அரசியலில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் உள்ளுக்குள் ஒத்துப்போய்க்கொண்டு வெளியில் மோதுவதாகக் குற்றஞ்சாட்டும்போது இன்றும் பயன்படும் தொடர் அது. ஆக, மெய்ப்போரும் பொய்ப்போரும் இந்நிலத்திற்குப் புதியவை அல்ல. புதியது, பொய்ப்போரே வெளிப்படையான பெருந்தொழிலாக நிற்பதுதான்.

மெய்ப்போரின் தலைநகரமாகவும் தில்லி விளங்கியது. ராஜஸ்தானிலிருந்து வந்த விஜய் பால் என்ற குரு ஹனுமான், பிர்லா ஆலைக்கு அருகில் 1920களில் தொடங்கிய அகாரா, பல தலைமுறை மல்லர்களை உருவாக்கியது. அவருடைய மாணவர் சத்பால் 1982ஆம் ஆண்டுத் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். பின்னர் சத்ரசால் விளையாட்டரங்கில் சத்பால் பயிற்றுவித்த சுஷீல் குமார் 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் முறையே வெண்கலமும் வெள்ளியும் பெற்றார். 1982ஆம் ஆண்டு விளையாட்டுக்காக எழுப்பப்பட்ட இந்திரா காந்தி அரங்கிலேயே முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மஹால் தோற்றார் என்பது, ஒரே நகரத்தில் இரு மல்லர் மரபுகள் வந்து கூடிய இடத்தைக் காட்டுகிறது.

தொழில்முறை மரபுக்கும் இந்தியாவில் நெடிய முன்வரலாறு உண்டு. 1910இல் லண்டனுக்குச் சென்ற காமா, போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவுடன் முடிவின்றி நீண்ட நேரம் பொருதார். மறுபோட்டிக்குக் குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928இல் பட்டியாலாவில் அதே எதிரியைக் காமா ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். அடுத்த தலைமுறையில் தாரா சிங். பஞ்சாபின் சிற்றூரொன்றிலிருந்து 1940களின் இறுதியில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்று ஆலையில் வேலை பார்த்தவர், அங்கேயே தொழில்முறை மல்யுத்தம் பயின்று மலாயாவில் பெயர் பெற்றார். ஹங்கேரிய மரபினரான 'கிங் காங்' எமில் சாயா போன்றோர் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஆசிய நகரங்கள்தோறும் சுற்றிவந்த காலம் அது. 1959இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம், 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்ற உலகப் பட்டம் என்று வளர்ந்த தாரா சிங், 1983இல் தில்லியில் நடந்த போட்டித் தொடரோடு களத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய புகழின் அடித்தளம், கூலிக்குக் கடல் கடந்த ஓர் இளைஞரின் ஊர்சுற்றல்.

தாரா சிங் கிழக்கே சென்றது போலப் பஞ்சாபியர் பலர் மேற்கே கனடாவுக்குச் சென்றனர். அங்கே மல்யுத்தம் அவர்களுக்குத் திறந்த வாயில் பெரும்பாலும் ஒன்றே: வில்லன் வேடம். லூதியானாவிலிருந்து சென்ற டைகர் ஜீத் சிங் வாளேந்திய கொடியவராகக் கனடாவிலும் ஜப்பானிலும் அஞ்சப்பட்டார். பிற்காலத்தில் ஒன்டாரியோவின் மில்டன் நகரில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கால்கரி நகரில் ஸ்டு ஹார்ட் நிறுவிய ஸ்டாம்பீட் மல்யுத்த அமைப்பில் காமா சிங் அதே வகை வேடத்தை ஏற்றார். பழைய காமாவின் பெயரைத் தாங்கிய அவர் 1980களில் தலைமையேற்ற குழுவுக்குப் பெயர் 'கராச்சி வைஸ்'. இந்தியப் பஞ்சாபில் பிறந்தவரின் குழுவுக்குப் பாகிஸ்தான் நகரத்தின் பெயர். அக்குழுவில் 'மக்கன் சிங்', 'வோக்கன் சிங்' என்று விளங்கியவர்கள் முறையே மைக் ஷா, கேரி ஆல்பிரைட் என்ற வெள்ளை அமெரிக்கர்கள். முன்னது பஞ்சாபியில் வழங்கும் பெயர். பின்னது ஓசையை ஒத்து எழுந்த வெறும் ஒலிக்கோவை. 'சிங்' என்ற ஒட்டு வந்தவுடன் எந்த ஒலியும் அயலாரின் பெயராகிவிடும் என்ற நம்பிக்கையில் அமைந்த பெயரிடல் அது. பெயர் இங்கே ஆளைச் சுட்டவில்லை, அயன்மையைச் சுட்டியது.

அக்காமா சிங்கின் உறவில் மருமகனாக 1986 ஜூலை 19 அன்று கால்கரியில் பிறந்தவர் யுவராஜ் சிங் தேசி. மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஜூடோ வெண்கலம் வென்று, பின்னர்த் தொழில்முறை மல்யுத்தத்தில் 'பேட் நியூஸ்' என அறியப்பட்ட ஆலன் கோஜ் முதலியோரிடம் பயின்று, 2000களின் தொடக்கத்தில் களமிறங்கினார். ஆல்பர்ட்டா மாநிலத்தின் சிறு அமைப்புகளில் 'ராஜ் சிங்', 'டைகர் ராஜ் சிங்' ஆகிய பெயர்கள். மாமன் மகனோடு இணைந்து ஆடிய குழுவுக்குப் 'புதிய கராச்சி வைஸ்' என்று பெயர். வேடமும் பரம்பரைச் சொத்தாக வந்தது.

2010இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் ஃபுளோரிடாப் பயிற்சி அமைப்பில் சேர்ந்தபின் அவருக்கு அமைந்த பெயரே ஜிந்தர் மஹால். 'மஹால்' பஞ்சாபில் குடிப்பெயராகவும் வழங்குவது. மேலைப் பார்வையாளர் செவிக்கு அது தாஜ் மஹால். 2011 ஏப்ரலில் தொலைக்காட்சியில் அறிமுகமானபோது, இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த உயர்ந்த உருவினரான 'கிரேட் காளி' தலீப் சிங் ராணாவின் சகோதரியை மணந்த செல்வர் என்பது அவருக்குத் தரப்பட்ட கதை. காளி 2007இல் அந்நிறுவனத்தின் உலகப் பட்டங்களுள் ஒன்றை வென்றவர். ஓர் இந்தியரை அறிமுகப்படுத்த இன்னோர் இந்தியரின் உறவு தேவைப்பட்டது.

அடுத்த மூன்றாண்டுகளும் தோல்விகளால் ஆனவை. 2012இல் என்.எக்ஸ்.டி. என்ற துணை அமைப்பின் முதல் வாகையருக்கான இறுதிப்போட்டியில் செத் ராலின்ஸிடம் தோற்றார். வரலாறு முதல் வாகையரை நினைவில் வைத்தது. அவரை வாகையராக்கிய மறுபாதியை மறந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஹீத் ஸ்லேட்டர், ட்ரூ மெக்கின்டைர் ஆகியோரோடு '3எம்பி' என்ற நகைச்சுவைக் குழுவில் சேர்க்கப்பட்டார். இசைக்கருவி வாசிப்பதாகப் பாவனை செய்யும் மூவர். வாரந்தோறும் புதிய நாயகர்களிடம் அடிவாங்கித் தோற்பதே அவர்தம் கடமை. 2014 ஜூன் 12 அன்று மஹாலும் மெக்கின்டைரும் ஒரே நாளில் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

இப்பணிநீக்கத்தின் தன்மையை விளங்கிக்கொள்ள, இத்தொழிலின் ஒப்பந்த முறையை நோக்க வேண்டும். டபிள்யூ.டபிள்யூ.ஈ. தன் மல்லரை ஊழியராகக் கொள்வதில்லை. தற்சார்பு ஒப்பந்ததாரராகவே கொள்கிறது. எங்கு ஆட வேண்டும், யாரிடம் எவ்வாறு தோற்க வேண்டும், என்ன பெயரில் வழங்க வேண்டும் என்பனவற்றை நிறுவனம் தீர்மானிக்கும். ஆயினும் அவர் சட்டப்படி அதன் பணியாளர் அல்லர். அமெரிக்கத் தொழிலாளர் சட்ட ஆய்வாளர் பலர் இம்முரணைச் சுட்டியுள்ளனர். நிறுவனம் சூட்டும் பெயரும் பொதுவாக நிறுவனத்தின் வணிகக்குறியே. நீங்கிச் செல்பவர் பெரும்பாலும் வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

ஈராண்டுகள் சிறு அரங்குகளில் ஆடிய மஹால், அக்காலத்தில் ஊக்கம் குன்றியிருந்ததையும், மதுவை விலக்கிப் பயிற்சியால் உடலை மீட்டதையும் பின்னர் நேர்காணல்களில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2016 ஜூலையில், நிறுவனம் தன் நிகழ்ச்சிகளை இரு தனி அணிகளாகப் பிரித்துக் கூடுதல் ஆட்களைத் தேடியபோது மீண்டும் அழைக்கப்பட்டார். அழைக்கப்பட்டது பழைய வேலைக்கே. ஏறத்தாழ ஒன்பது மாதம் பிறர் வெற்றிக்குப் பயன்பட்டவர், 2017 ஏப்ரலில் ஸ்மாக்டவுன் அணிக்கு மாற்றப்பட்ட சில நாள்களில் அறுவர் போட்டியொன்றில் வென்று பட்டப்போட்டிக்குத் தகுதி பெற்றார். மே 21 அன்று சிகாகோவை அடுத்த ரோஸ்மான்டில் ராண்டி ஆர்ட்டனை வென்றார். அத்தலைமைப் பட்டத்தை வென்றோர் வரிசையில் அவர் ஐம்பதாமவர்.

அப்பட்டத்தை அந்நிறுவனத்தின் இந்தியச் சந்தை நோக்கத்தோடு இணைத்தே விமர்சகர்கள் பெரும்பாலும் கண்டனர். இந்தியா அந்நிறுவனத்துக்கு மிகப்பெரிய பார்வையாளர் தொகுதிகளுள் ஒன்று. அவ்வாண்டு அக்டோபரில் மஹால் இந்தியாவுக்கு வந்தபோது, ஹரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி அந்நிறுவனத்தில் ஒப்பந்தம் பெறும் முதல் இந்தியப் பெண்ணாக அறிவிக்கப்பட்டார். ஆனால் சந்தையை மட்டும் காரணமாகக் கூறி நிறுத்துவது, பதினைந்தாண்டு உழைப்பை வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சுருக்குவதாகும். வாய்ப்பைச் சந்தை கொடுத்திருக்கலாம். வாய்ப்பு வந்த நாளில் அதைத் தாங்கும் உடலோடும் பயிற்சியோடும் நின்றது அவர்.

அந்த 170 நாள்களின் மொழிப்பயன்பாடு தனிக் கவனத்துக்குரியது. தலைப்பாகையும் கோட்டும் அணிந்து, சிங் சகோதரர்கள் இருபுறமும் நிற்க, மஹால் அமெரிக்க அரங்குகளில் பஞ்சாபியில் பேசினார். கூட்டம் கூச்சலிட்டது, கூச்சலிட வேண்டும் என்பதே திட்டம். தாம் வேறுபட்டவர் என்பதாலேயே வெறுக்கப்படுவதாக அவர் ஆங்கிலத்தில் குற்றஞ்சாட்டுவார். அக்குற்றச்சாட்டில் இருந்த உண்மையே அவருடைய வில்லத்தனத்தின் பகுதியாக்கப்பட்டது. பட்டம் வென்ற இரண்டாம் நாளில் பாங்க்ரா ஆட்டத்தோடு ஒரு 'பஞ்சாபிக் கொண்டாட்டம்' அரங்கேறியது. ஜூலையில் மூங்கிற்கூண்டாலான 'பஞ்சாபிச் சிறை' என்ற களத்தில் ஆர்ட்டனோடு போட்டி. பஞ்சாபின் எந்த மல்யுத்த மரபிலும் இல்லாத சிறை அது. மொழி, உடை, ஆட்டம், ஊர்ப்பெயர் எல்லாம் அயன்மையின் குறிகளாக அடுக்கப்பட்டன.

நவம்பர் 7 அன்று மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போயிற்று. தில்லி நிகழ்ச்சிக்கு அப்போது ஒரு மாதமே இருந்தது. இரு நாள்களுக்கென அறிவிக்கப்பட்டிருந்த அந்நிகழ்ச்சி ஒரு நாளாகச் சுருங்கியது. ஆயினும் டிசம்பர் 9 இரவில் ஒன்று தெளிவாகியது. சிகாகோவில் வசையாக ஒலித்த பஞ்சாபி, தில்லியில் வாழ்த்தாக ஒலித்தது. அங்கே ஏளனத்துக்குரியதாகக் காட்டப்பட்ட பாங்க்ரா, இங்கே கொண்டாட்டம். சொல் மாறவில்லை, சொன்னவர் மாறவில்லை, கேட்போர் மாறினர். குறியின் பொருள் குறியில் இல்லை, அது வழங்கும் களத்தில் உள்ளது என்று வகுப்பறைகளில் கற்பிக்கப்படும் கருத்துக்கு இதனினும் தெளிந்த சான்று காண்பது அரிது.

மாறாதது ஒன்றும் உண்டு. முடிவை எழுதும் கை மாறவில்லை. கேட்போர் எவராயினும், எந்த நகராயினும், வெல்பவரை நிறுவனமே குறித்தது. தில்லி மக்கள் குறியின் பொருளை மாற்ற முடிந்தது. தீர்ப்பை மாற்ற முடியவில்லை. அவர்கள் நாயகராக ஏற்றவர், நிறுவனத்தின் கணக்கில் அன்றும் தம் பழைய வேலையையே செய்தார்.

அதன்பின் 2018 ஏப்ரல் 8 அன்று நியூ ஆர்லியன்ஸ் 'ரெஸில்மேனியா'வில் அமெரிக்கப் பட்டம். எட்டே நாளில் அது ஜெஃப் ஹார்டியிடம் சென்றது. பழைய நகைச்சுவைக் குழுத் தோழர் மெக்கின்டைர் 2020இல் அதே தலைமைப் பட்டத்தை வென்றார். எவரும் பொருட்படுத்தாத மூவர் குழுவிலிருந்து இருவர் உச்சியைத் தொட்டனர். மஹால் 2024 ஜனவரியில் உலகப் பட்டத்துக்காகச் செத் ராலின்ஸோடு மோதித் தோற்றார். அதற்கு முன் நெடுநாள் வெற்றி காணாதவருக்கு இவ்வாய்ப்பு எதற்கு என்று போட்டி நிறுவனத் தலைவரே சமூக ஊடகத்தில் கேட்டார். தோற்குமாறு பணிக்கப்பட்டவரின் தோல்விக் கணக்கே அவருக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் மீண்டும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். முதல் பணிநீக்கத்துக்கு முன் என்.எக்ஸ்.டி. இறுதியில் அவரை வென்றவரும், இரண்டாம் பணிநீக்கத்துக்குச் சற்று முன் அவரை வென்றவரும் ஒருவரே என்பது, இத்தகைய தொழில்வாழ்வு எத்தகைய வட்டத்தில் சுழல்கிறது என்பதைக் காட்டும்.

தமிழில் மற்போர் பற்றிய பழஞ்சான்றுகளுள் புறநானூற்றின் 80 முதல் 85 வரையிலான பாடல்கள் குறிப்பிடத்தக்கவை. சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடியவை. தந்தை தித்தனோடு முரண்பட்டு, வளம் குன்றி, வேற்றூரில் தங்கியிருந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய நிகழ்ச்சி அவற்றின் பின்னணி. அப்போரை நேரில் கண்டிருந்தால் தந்தை என்ன நினைத்திருப்பார் என்ற ஏக்கம் ஒரு பாடலில் உண்டு. நக்கண்ணையாரின் இறுதிப் பாடலிலோ, கண்ணெதிரே நடந்த போரின் முடிவைப் பற்றி ஊரார் இருதிறப்பட்டுப் பேசுகின்றனர். அதற்கு அவர் காட்டும் காரணம் மல்லனின் வலிமை பற்றியதன்று. பொருதவன் அவ்வூரான் அல்லன், அந்நாட்டான் அல்லன் என்பதே.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அக்காரணம் வலுவிழக்கவில்லை. கால்கரியில் பிறந்தவருக்குச் சிகாகோ ஊரன்று. அங்கே அவர் இந்தியர். தில்லி அவருக்குப் பிறந்த நகரன்று. அங்கே அவர் கனடாவிலிருந்து வந்த விருந்தினர். ஊர் ஊராகச் சென்று பொருதும் மல்லருக்கு எந்த ஊரும் முழுவதும் சொந்தமாவதில்லை. ஆகவே எந்த வெற்றியும் முழுவதும் சொந்தமாவதில்லை. பட்டப் பதிவேட்டில் மஹாலுக்கு 170 நாள்கள் உள்ளன. அப்பதிவேட்டில் இடம்பெறாத பல நூறு இரவுகளில், பிறர் வெற்றிக்காக அவர் விழுந்த களங்கள் உள்ளன. தொழில்முறை மல்யுத்தத்தின் வரலாறு எழுதப்படும்போது, அந்த இரவுகளையும் கணக்கில் எடுக்கும் பதிவேடே முழுமையானதாக இருக்கும்.